மேஜர் இறங்கிப்போன சீட்டு

இன்னும் கொஞ்சம் நகர்ந்து கிட்ட வந்து உட்காருங்கள். இந்தக் கதையில் வருகிறவர்கள் ஒரு நெல்மணி உயரம்தான் இருப்பார்கள். தள்ளி உட்கார்ந்தால் அவர்கள் போடுகிற சண்டை காதில் விழாது.

மலைமேல் ஒரு பட்டாளத்து ஊர் இருந்தது. அங்கே அதிகாரிகள் சாப்பிடுவதற்கென்று ஒரு பெரிய கூடம். அதை மெஸ் என்பார்கள். ஒரு நாள் அந்த மெஸ்ஸில் மத்தியான விருந்து. நாட்டுக்கே ஒருவராக இருக்கிற தலைமை ஜெனரல் சாப்பிட வருகிறார்.

நம் ஊர்ப் பந்தி என்றால் இடம் கண்ட பக்கம் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். அங்கே அப்படி முடியாது. யாருக்கு எந்த நாற்காலி என்று தடித்த அட்டைச் சீட்டில் இங்கிலீஷில் எழுதி, தட்டுக்கு முன்னால் நிறுத்தி வைப்பார்கள். பெரிய பதவி மேசையின் தலைப்பக்கத்தில். அதற்கடுத்த பதவி அதற்கடுத்து. சீட்டு சொல்கிறபடிதான் உட்கார வேண்டும். எவ்வளவு பசி இருந்தாலும் சரி.

சீட்டு எழுதுகிற வேலை பேனா மேஸ்திரியுடையது. கறுத்த உடம்பு, பொன் மூக்கு, முன்கோபம். மைக்கூட்டுக்குள் மூக்கை நுழைத்து, "வேலைக்கு வர்றவங்க ஏறி வாங்கடா!" என்று ஒரு சத்தம் கொடுத்தால், உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிற சொற்கள் எல்லாம் அடித்துப் பிடித்து ஏறி வரும்.

அன்றைக்கு மைக்கூட்டிலிருந்து முதலில் ஏறி வந்த சொற்கள் ஜெனரல்கள். மூன்று பேர். ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். மூன்று பேருக்கும் ஒரே மீசை, ஒரே தொப்பை. ஒருவர் தும்மினால் மற்ற இருவரும் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள்.

முதல் ஜெனரல் முன்னால் துணைக்கு யாரும் இல்லாமல் தனியாகப் போய் நின்றார். அது தலைமை விருந்தாளியின் சீட்டு. அவருக்குப் பின்னால் வந்து நின்ற பெயர் ரொம்பப் பெரிய இடத்துப் பெயர். அது கடைசிவரை வாயே திறக்கவில்லை.

இரண்டாவது ஜெனரலுக்கு முன்னால் லெப்டினன்ட் நின்றான். பின்னால் ஹர்நாம் சிங் என்கிற பெயர்.

மூன்றாவது ஜெனரலுக்கு முன்னால் மேஜர் நின்றான். பின்னால் மாடக்கண்ணு என்கிற பெயர்.

மேஜரும் லெப்டினன்டும் அண்ணன் தம்பி. தனித்தனியாக வேலைக்குப் போகும்போது மேஜர்தான் மேலே. லெப்டினன்டுக்கும் அவனுக்கும் நடுவில் கேப்டன் என்று இன்னொருத்தன் வேறு இருக்கிறான். அதனால் தம்பியைக் கண்டால் மேஜர் தலையைக் கூட ஆட்ட மாட்டான், புருவத்தை மட்டும் ஆட்டுவான்.

மேஸ்திரி எழுதி முடித்து, சீட்டுகளைப் பந்தி வரிசைப்படியே சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் பரப்பினார். மலைப் பனியில் மை சீக்கிரம் காயாது. மை ஈரமாக இருக்கிற வரைக்கும் சொல்லுக்குக் கால் உண்டு. மை ஒற்றுகிற தாள் பட்டுக் காய்ந்துவிட்டால் நின்ற இடத்தில் நின்றதுதான்.

மேஜர் கழுத்தை நீட்டி வரிசையைப் பார்த்தான். முதலில் தனி ஜெனரல். அடுத்து தம்பி நின்ற சீட்டு. அதற்கும் கீழே அவன் நின்ற சீட்டு.

"மேஸ்திரி! வரிசை தப்பு."

"ஒரு தப்பும் இல்ல. லெப்டினன்ட் ஜெனரல் மேல, மேஜர் ஜெனரல் கீழ."

"அதெப்படி? நான் அவனுக்கு அண்ணன். நேத்து சாயங்காலம்கூட என்னைப் பார்த்து சல்யூட் அடிச்சான். இன்னைக்கு அவன் எனக்கு மேலயா?"

"தனியா நின்னா நீ பெரியவன். ஜெனரலோட சேர்ந்து நின்னா அவன் பெரியவன். உலகம் பூரா பட்டாளத்துல இப்படித்தான். உனக்காக நான் மாத்த முடியுமா?"

லெப்டினன்ட் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினான். "அண்ணே, கோவிச்சுக்காதே. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கச்சியைப் பார்த்ததில்லையா? தங்கச்சி மூத்தவனைக் கட்டுறா, அக்கா இளையவனைக் கட்டுறா. பொறந்த வீட்டுல அக்கா அக்காதான். புகுந்த வீட்டுல தங்கச்சிதானே மூத்த மருமக? பொங்கப் பானையில மொத அரிசி அவதானே போடுறா?"

"போடுவா. அன்னைக்குச் சாயங்காலமே அக்காக்காரி ரசத்துல ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்ட கதை உனக்குத் தெரியுமா?"

"நமக்கு எதுக்குண்ணே ரசம்? நாம சாப்பிடவா போறோம்? சீட்டுல நிக்கத்தானே போறோம்."

"நீ மேல நின்னுக்கிட்டுப் பேசுற. பேச நல்லாத்தான் இருக்கும்."

"மேல என்னத்த மேல? கடுதாசி உறை மேல எழுதும்போது லெப்டினன்ட் ஜெனரல்னு என்னை முன்னால நிறுத்துறாங்க. வெயில், மழை, தபால்காரர் கக்கத்து வேர்வை எல்லாம் எனக்கு. உள்ள கடுதாசியைப் பிரிச்சா 'அன்புள்ள ஜெனரல்'னு அவரை மட்டும் கூட்டிட்டுப் போயிடுறாங்க. என்னை வாசல்ல கழட்டி விட்டுடுறாங்க. உன்னையும்தானேண்ணே? அங்க நாம ரெண்டு பேரும் ஜோடிச் செருப்பு மாதிரி ஒண்ணாத்தான் கிடக்கிறோம்."

மேஜருக்கு அது ஆறுதலாக இல்லை. அவமானத்தில் பங்கு கொடுத்தால் யாருக்குத்தான் ஆறுதலாக இருக்கும்?

"நான் நிக்க மாட்டேன்" என்றான். "நான் இல்லாட்டி இந்த ஜெனரலும் மாடக்கண்ணும் என்ன கதிக்கு ஆளாகுறாங்கன்னு பாருங்க. அப்ப என் அருமை தெரியும்." சொல்லிவிட்டுச் சீட்டிலிருந்து குதித்து இறங்கி, மைக்கூட்டின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டான்.

இறங்கினதும் ஒன்று நடந்தது. நம் தமிழில் எழுத்துக்குள் பெரியவன் சின்னவன் கிடையாது. இங்கிலீஷில் உண்டு. பெயரோடு சேர்ந்து நிற்கிற பதவிக்குத் தலையில் பெரிய எழுத்தால் ஒரு தலைப்பாகை கட்டி விடுவார்கள். பெயரை விட்டு விலகினால் தலைப்பாகை இறங்கிவிடும். மேஜர் தலையில் கை வைத்துப் பார்த்தான். மொட்டையாக இருந்தது. யாரும் கவனிப்பதற்குள் கையாலேயே மூடிக்கொண்டான்.

ஆனால் அவனை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் அந்தச் சீட்டைத்தான் பார்த்தார்கள். அதில் இப்போது மிச்சம் இருந்தது: ஜெனரல் மாடக்கண்ணு.

மூன்றாவது ஜெனரல் நெஞ்சை நிமிர்த்தி ஒரு பெருமூச்சு விட்டார். "ஆகா! முன்னால மறைக்க ஆளில்லாம என்ன காத்து!"

மாடக்கண்ணு ஜெனரலின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெயர் தெற்கே செம்மணல் மூடிய தேரிக்காட்டுப் பக்கத்துப் பெயர். பனைமரத்தடியில் நின்று ஏழு வயலுக்கு அப்பால் கேட்கிற மாதிரி கூப்பிடப்பட்ட பெயர். பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் அதைச் சொல்ல வராமல் பயிற்சி கொடுத்த வாத்தியார்மார் சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்களுக்கு நடுவில் படிப்படியாக ஏறி, இன்றைக்குத்தான் தங்க விளிம்பு போட்ட சீட்டில் வந்து நிற்கிறது.

"அண்ணாச்சி! இறங்கிப் போவாதீங்க!" என்று மாடக்கண்ணு கத்தினார். "மேஸ்திரி, இது பொய்யில்லா? நான் மேஜர் ஜெனரல்தான. எனக்கு எதுக்கு இந்தப் பவிசு?"

மேஸ்திரியின் பொன் மூக்கு வெளிறிவிட்டது. "அதைத்தான் நானும் பார்க்கிறேன். மணி அடிச்சா பரிமாறுறவர் சீட்டை எடுத்துத் தட்டு முன்னால வைக்க வந்துடுவார். அதுக்கு முன்னால பொய்ச் சீட்டு ஏதாவது இருந்தா, அதுல இருக்கிற பெயரைக் குறுக்கே அடிச்சுடணும். அது சட்டம். என் மூக்காலேயே அடிக்கணும்."

பெயருக்கு அதைவிடப் பெரிய சாவு கிடையாது. மாடக்கண்ணு அப்படியே ஜெனரலின் தொப்பைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்.

மைக்கூட்டு விளிம்பிலிருந்து மேஜர் கேட்டான். "என்ன ஆச்சு? தாழ்ந்துட்டாங்களா?"

"தாழவா?" மேஸ்திரி சீறினார். "நீ இறங்கினதும் அவர் ரெண்டு படி ஏறிட்டார்டா! நேரா தலைமை விருந்தாளிக்குச் சமமா நிக்கிறார்!"

மேஜர் விளிம்பில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தான். "அப்படின்னா... நான் முன்னால நின்னு அவரைத் தூக்கிப் பிடிக்கலையா?"

"உள்ளதைச் சொல்லிக்கிட்டு நின்னே. அதுதான் உன் வேலை. அது சின்ன வேலையா?"

"நான் இல்லாட்டி உசந்துதானே போறார்? உசரட்டும். நான் எதுக்கு?" மேஜரின் கோபம் இப்போது வேறு திசையில் புதிதாகக் கிளம்பிவிட்டது.

"உசரம் இல்ல அண்ணாச்சி" என்று தொப்பைக்குப் பின்னாலிருந்து மாடக்கண்ணின் குரல் வந்தது. "மச்சு மேல ஏத்திவிட்டுட்டு ஏணியை எடுத்துட்டீங்க. இப்பம் கீழ விழுந்தா, 'பாத்தியா, மாடக்கண்ணுன்னு பேரு வச்சவன் ஜெனரல்னு போட்டுக்கிட்டு வந்திருக்கான்'னு சொல்லுவாவ. எனக்குப் பொறவு இந்தப் பேரோட வாரவனையும் சிரிப்பாவ."

மேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மனசு இளகாமல் இல்லை. ஆனால் இறங்கினவன் தானாக ஏறினால் கௌரவம் என்ன ஆவது?

மேஸ்திரி அவசர அவசரமாக மைக்கூட்டுக்குள் குனிந்தார். மனசில்லாத சொல்லைப் பிடித்து எழுதினால் மை திட்டுத் திட்டாகக் கொட்டிச் சீட்டே பாழாகிவிடும். அதனால் மேஜரை இழுத்து வந்து நிறுத்தவும் முடியாது. "காலியிடம் ஒண்ணு இருக்கு! மனசுள்ளவங்க வாங்க!" என்று குரல் கொடுத்தார்.

முதலில் வந்தவன் மிஸ்டர். வெள்ளைச் சட்டை, வாரின தலை. "நான் நிக்கிறேன் மேஸ்திரி. பேங்க் மேனேஜரா, பால் டிப்போக்காரரா, யார் முன்னால வேணும்னாலும் நான் நிப்பேன். எனக்கு வித்தியாசமே கிடையாது."

"அதுதான் தொந்தரவே. பட்டாளத்துல பதவி வாங்கின பெயருக்கு முன்னால பதவிதான் நிக்கணும். உனக்கு இடமில்லை."

"எங்க பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில மிஸ்டர் மேஜர் இன்னாருன்னு ரெண்டு பேரையும் சேர்த்தே போட்டாங்களே!"

"கல்யாணப் பத்திரிகையா? அதுல மாப்பிள்ளையோட ஒண்ணுவிட்ட சித்தப்பா பாதியில விட்ட படிப்பையும் சேர்த்துத்தான் போடுவாங்க. இங்க அது நடக்காது. கிளம்பு."

அடுத்து ஒருவர் மெல்ல வந்தார். அடைப்புக்குறி மாதிரி முன்னால் ஒரு வளைந்த கம்பு, பின்னால் ஒரு வளைந்த கம்பு. இரண்டுக்கும் நடுவில் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். பெயர் ரிட்டயர்டு.

"நான் வரட்டுமா தம்பி?"

"பெரியவரே, நீங்க முன்னால நிக்கிற ஆளே இல்லையே. பெயருக்குப் பின்னாலதானே நிப்பீங்க? அதுவும் இவர் இன்னும் வேலையில இருக்கார்."

"பரவாயில்லை" என்றார் ரிட்டயர்டு. "எனக்கு அவசரம் இல்லை. எல்லார்கிட்டயும் ஒரு நாள் வரத்தானே போறேன். வந்தாலும் பதவியைத் தொட மாட்டேன். வேலை முடிஞ்சது ஆளுக்குத்தான், பதவிக்கு இல்ல." மாடக்கண்ணை ஒரு தரம் கனிவாகப் பார்த்தார். "ஆள் இன்னும் திடமாத்தான் இருக்கார். பிறகு வரேன்." கம்புகளை ஊன்றிக்கொண்டு திரும்பிப் போனார்.

அந்தக் கனிவில் மாடக்கண்ணுக்கு இன்னும் அதிகமாக வேர்த்தது.

அப்போது கூடத்து வாசலில் கார்கள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பரிமாறுகிறவர் மணியைக் கையில் எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். பேனா மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு மூக்கை மாடக்கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தார். "மன்னிச்சுக்கய்யா. நான் வச்ச வரிசையில தப்பில்ல. ஆனா அடிக்கிறது நான்தான்."

"கொஞ்சம் பொறுங்க மேஸ்திரி!" என்று லெப்டினன்ட் கூவினான்.

கூவினவன் தன் சீட்டிலிருந்து குதித்தான். ஓடிவந்தான். மாடக்கண்ணின் சீட்டில் ஏறி, அண்ணன் விட்டுப்போன இடத்தில் காலை அகட்டிப் போட்டு நின்றுவிட்டான்.

அவன் விட்டுவந்த சீட்டில் இப்போது ஜெனரல் ஹர்நாம் சிங் என்று ஆகிவிட்டது.

"ஓய் தம்பி!" ஹர்நாம் சிங் அலறினார். "என்னை அநியாயத்துக்கு ஒரு படி தூக்கி விட்டுட்டு எங்க போற? என்னையும் அடிச்சுடுவாங்கப்பா! திரும்பி வா!"

"ஒரு நிமிஷம் சிங் சாப். வந்துட்டேன்."

மாடக்கண்ணு பின்னாலிருந்து அவன் முதுகைச் சுரண்டினார். "எய்யா, நீ முன்னால நின்னா நான் லெப்டினன்ட் ஜெனரலால்லா ஆவேன்? இதுவும் பொய்தான!"

"சும்மா இருங்க" என்று லெப்டினன்ட் திரும்பாமலே முணுமுணுத்தான். "ரெண்டு படிப் பொய்யை ஒரு படியாக் குறைச்சிருக்கேன். மிச்சத்தை வேற ஒருத்தர் வந்து குறைப்பார்."

பிறகு குரலை உயர்த்தினான். மைக்கூட்டு விளிம்புக்கு நன்றாகக் கேட்கும்படி உயர்த்தினான்.

"அடடா! இந்த இடத்தைப் போய் எங்க அண்ணன் மட்டம்னு சொன்னாரே! ஜன்னல் வெளிச்சம் நேரா மூஞ்சில விழுது. ஜெனரல் மாமா தொப்பை நிழல் முதுகுக்கு இதமா இருக்கு. இங்கேருந்து பார்த்தா பூ ஜாடி, வெள்ளித் தட்டு, எல்லாம் தெரியுது. நான் நின்ன இடத்துல உப்புக் குப்பி மறைக்கும்."

மேஜர் தலையிலிருந்த கையை எடுத்தான்.

"மாமா, கொஞ்சம் நகருங்க" என்றான் லெப்டினன்ட், மூன்றாவது ஜெனரலைப் பார்த்து. "நான் வசதியா நின்னுக்கறேன். இனிமே எப்பவும் நான்தான். இந்த மாதிரி எடத்துல நிக்க மேஜர்னு ஒரு ஆள் எதுக்கு? ரெண்டு ஜெனரலுக்கும் ஒரே லெப்டினன்ட். எழுதுறவங்களுக்கும் சுளுவு."

"என்னது?" மேஜர் எழுந்து நின்றான். "ரெண்டு இடத்துலயும் நீயேவா?"

"ஏண்ணே, நீதான் வேணாம்னுட்டியே."

"நான் வேணாம்னா நீ வந்து நின்னுடுவியா?"

"வெறுமனே கிடக்குற இடம். யார் நின்னா உனக்கென்ன?"

"வெறும் இடமா? டேய், அது என் இடம்டா! பொறந்ததுலேருந்து நான் நின்ன இடம்! அதுல உன் காலை வைக்க நீ யார்டா?"

"நான் உனக்கு மேல உள்ளவன். நீயே சொன்னே. எனக்குப் பிடிச்ச இடத்துல நிப்பேன்."

அவ்வளவுதான். கௌரவம், கோபம், தலைப்பாகை ஒன்றும் மேஜருக்கு ஞாபகமில்லை. மைக்கூட்டு விளிம்பிலிருந்து ஒரே தாவு. சீட்டின் மேல் வந்து விழுந்தவன், தோளால் தம்பியை ஒரு இடி இடித்தான். லெப்டினன்ட் சீட்டை விட்டு உருண்டுபோய் மேசையில் விழுந்தான். மேஜர் அந்த இடத்தில் இரண்டு காலையும் ஊன்றி, மார்பை நிமிர்த்தி, "இதுல நான்தான் நிப்பேன்! எவன் வர்றான் பார்க்கிறேன்!" என்று கர்ஜித்தான்.

தலையில் தலைப்பாகை சட்டென்று வந்து உட்கார்ந்தது.

மேஸ்திரி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மேஜர் ஜெனரல் மாடக்கண்ணு. ஓர் எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மாடக்கண்ணு தொப்பைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, தன் இடத்தில் நேராக நின்றார்.

"ஐயோ, காத்து போச்சே" என்றார் மூன்றாவது ஜெனரல்.

அதைக் கேட்டதும்தான் மேஜருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. கீழே பார்த்தான். பக்கத்துச் சீட்டைப் பார்த்தான். வரிசை மாறவே இல்லை. தம்பியின் சீட்டு இன்னும் மேலேதான் இருந்தது.

"அடப்பாவி! இதுக்குத்தான் அவ்வளவு பேசினியா? என்னை ஏமாத்தி ஏத்திட்டியே! இரு, நான் மறுபடியும் இறங்குறேன் பார்!" என்று வலது காலைத் தூக்கினான்.

பரிமாறுகிறவர் மணியை ஓங்கினார்.

லெப்டினன்ட் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. எழுந்து ஓடித் தன் சீட்டில் தாவி ஏறினான். ஏறுகிற ஓட்டத்திலேயே, இரண்டு சீட்டுக்கும் நடுவில் கிடந்த மை ஒற்றுகிற தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, தூக்கின காலோடு அண்ணனை ஒரு அழுத்து அழுத்தினான். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் தன் காலின் மேலும் ஒன்று அழுத்திக்கொண்டான்.